"ஆன்லைனில் புறம் பேசுவாயா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளை ஆமாம் என்று சொல்லும்?

பள்ளிகளில் மனநல ஆலோசகராக இருப்பதால், "எங்கள் பிள்ளைகள் இன்ஸ்டாவிலும் வாட்ஸ்அப்பிலும் யாரைப் பற்றி எவ்வளவு பேசிக்கொள்கிறார்கள் என்று ஒரு சர்வே எடுத்துத் தாருங்களேன்" என்று தலைமை ஆசிரியர்கள் அவ்வப்போது கேட்பார்கள். எடுக்கலாம். ஆனால் அவர்களே தயாரித்து வைத்திருக்கும் தாளில் முதல் கேள்வியே "நீ பிறரைப் பற்றிப் புறம் பேசுவது உண்டா?" என்று இருக்கும், மேலே பெயரும் ரோல் நம்பரும் எழுத இடம் விட்டிருக்கும், போதாக்குறைக்கு வகுப்பாசிரியர் பக்கத்திலேயே நிற்பார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வேறென்ன எழுதும்?

நான், பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதை மட்டும்தான் கேட்பேன். போன ஒரு மாதத்தில், உனக்கு மட்டும் வந்த மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொருவருக்கு அனுப்பினாயா, எத்தனை முறை? வகுப்பில் ஒரே ஒருவரை விட்டுவிட்டுத் தொடங்கிய குரூப்பில் இருக்கிறாயா? கன்ஃபெஷன் பேஜில், அதாவது எழுதியவர் பெயர் இல்லாமல் பதிவுகள் வரும் பக்கத்தில், தெரிந்தவரைப் பற்றி வந்த பதிவுக்கு லைக் போட்டாயா? இதற்கெல்லாம் தயங்காமல் பதில் எழுதுவார்கள், ஏனென்றால் பலருக்கு இது புறம் பேசுவதாகவே தோன்றாது.

எல்லாப் பேச்சும் கெட்டதுமில்லை. அமெரிக்காவில் ராபின்ஸ், கரன் என்ற இருவர் 467 பெரியவர்களின் அன்றாடப் பேச்சைப் பதிவு செய்து பார்த்ததில், அங்கே இல்லாதவரைப் பற்றிய பேச்சு ஒரு நாளைக்குச் சராசரியாக 52 நிமிடம், அதில் முக்கால்வாசி நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, சும்மா தகவல். அதனால் மொத்த மதிப்பெண்ணைக் கூட்டி "இவன் அதிகம் புறம் பேசுபவன்" என்று முத்திரை குத்துவது அநியாயம்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. பள்ளியில் பிள்ளைகள் ஒருவரைச் சீண்டித் துன்புறுத்துவதை (புல்லியிங்) ஆராய்ந்த டான் ஓல்வேயஸ் அதற்கு மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்க்க முடியாதவரிடம் செய்வது. ஆன்லைனில் இந்த 'திரும்பத் திரும்ப' குழம்பிவிடுகிறது. ஒருத்தி ஒரே ஒரு முறைதான் போட்டாள், ஆனால் வகுப்பே ஃபார்வர்டு செய்தது, மறுநாள் டியூஷனுக்கும் போய்விட்டது. அனுப்பியவளின் கணக்கில் ஒன்று, பேச்சுக்கு ஆளானவளின் கணக்கில் ஐம்பது. எனவே இரண்டு பக்கமும் கேட்க வேண்டும், அனுப்பாமல் படித்துவிட்டுச் சும்மா இருந்தவர்களையும் சேர்த்து.

பெயர் வாங்காத சர்வேயில் ஒரு சிக்கல் உண்டு. "என் போட்டோவை மார்ஃப் பண்ணிட்டாங்க" என்று யாராவது எழுதினால் யாரென்று தேட முடியாது. அதனால் தாளின் கடைசியில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும், ஆலோசகர் அறையில் இருக்கும் நாளையும் நேரத்தையும் அச்சடித்து, அந்தப் பகுதியை மட்டும் கிழித்து எடுத்துப் போகச் சொல்லுங்கள்.