பேய் அந்துப்பூச்சி: நிறம் ஏமாற்றும், நரம்பு காட்டிக்கொடுக்கும்

ஐரோப்பியப் புல்வெளிகளில் கோடைக்கால அந்திப்பொழுதில், வெள்ளை வெளேரென்ற ஆண் பூச்சிகள் புல்நுனிகளுக்குச் சற்று மேலே ஊசலாடியபடி பறக்கும். பெண்களைக் கவரும் ஆட்டம் அது. 1758இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் பெயரிட்ட ஹெபியாலஸ் ஹுமுலி என்னும் இந்த இனத்துக்குப் 'பேய்' என்ற பட்டம் கிடைத்ததில் வியப்பில்லை. ஆனால் பெண்ணோ மஞ்சள் நிறம். சிறகில் செங்காவிக் கோடுகள். இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரே இனம் என்று நம்புவது கடினம். ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளில் குழப்பம் இன்னும் கூடுகிறது: அங்கே ஆண்களில் பலவும் பெண்களைப் போலவே கோடும் நிறமுமாக இருக்கின்றன. கோடையில் முழு இருட்டே வராத அந்த வடக்கு இரவுகளில், வெள்ளைச் சிறகு பறவைகளின் கண்ணில் எளிதில் பட்டுவிடும் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

எனவே வகைப்பாட்டாளர்கள் நிறத்தை விட்டுவிட்டு உடலமைப்பைப் பார்க்கிறார்கள். பெரும்பாலான அந்துப்பூச்சிகளில் பின்சிறகின் நரம்புகள் (சிறகைத் தாங்கும் கோடுகள்) முன்சிறகைவிடக் குறைவு. பேய் அந்துப்பூச்சி அடங்கிய, உலகெங்கும் 600க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட ஹெபியாலிடே குடும்பத்திலோ இரு சிறகுகளின் நரம்பமைப்பும் ஏறக்குறைய ஒன்றே. இது மிகப் பழைய அமைப்பு. முன்சிறகின் அடியில் விரல்போல் நீண்டிருக்கும் சிறு மடல் இன்னொரு அடையாளம். உணர்கொம்புகள் மிகக் குட்டை. உறிஞ்சுகுழல் இல்லை, அல்லது பெயரளவுக்கு இருக்கும். வளர்ந்த பூச்சி எதையும் உண்பதில்லை, புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பிலேயே வாழ்ந்து முடிக்கிறது.

உறுதியான சான்று பெண்ணின் வயிற்று நுனியில் இருக்கிறது. மற்ற அந்துப்பூச்சிகள் பெரும்பாலானவற்றில் இணைசேரும் துளையிலிருந்து முட்டைப் பாதைக்கு விந்து உடலுக்குள்ளே ஒரு குழாய் வழியாகச் செல்லும். இங்கே அந்தக் குழாயே கிடையாது. இரு துளைகளுக்கும் இடையே உடலின் வெளிப்புறத்தில் ஒரு பள்ளம் ஓடுகிறது. விந்து அதன் வழியே போகிறது. இவ்வமைப்பு உள்ளவற்றை எக்ஸோபோரியா என்ற தொகுதியில் வைக்கிறார்கள்.

குடும்பத்தைக் கண்டுபிடிப்பது இவ்வளவுதான். இனத்தைக் கண்டுபிடிப்பதில்தான் தலைவலி. வயிற்றுப் பகுதியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து, தசை கரைந்தபின் எஞ்சும் இனப்பெருக்க உறுப்புகளின் வடிவத்தை நுண்ணோக்கியில் ஒப்பிட வேண்டும். அந்த வேலை நடக்காத காலத்தில் ஹெபியாலஸ் என்ற பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) கண்டதையெல்லாம் போட்டுவைக்கும் பரண் ஆகிவிட்டது. திபெத்திய, இமயமலை இனங்கள் பல அதிலிருந்து தித்தாரோடெஸ் போன்ற பேரினங்களுக்கு மாற்றப்பட்டது பிற்பாடுதான்.

அந்த இமயமலைப் புழுக்களின் கதை தனி. மண்ணுக்குள் வேர் தின்று வாழும் அவற்றை ஒரு பூஞ்சை கொன்று, தலையிலிருந்து தண்டாக முளைக்கிறது. உத்தராகண்டில் கீடா ஜடி, நேபாளத்தில் யார்சாகும்பா என்று பெரும் விலைக்கு விற்கப்படும் மருந்துப்பொருள் இதுவே. செத்து உலர்ந்த புழுவுக்குச் சிறகும் இல்லை, இனப்பெருக்க உறுப்பும் இல்லை. உடலமைப்பு நூல்கள் எதுவும் உதவாது. அதன் தோலில் எஞ்சிய டிஎன்ஏவைப் பிரித்து, பிடிபட்ட பூச்சிகளின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டபோதுதான் இப்பூஞ்சைக்கு ஒன்றல்ல, பல இனங்கள் இரையாகின்றன என்பது தெளிவானது.

நம் மேற்குத்தொடர்ச்சி மலைக்கும் ஓர் உறவினர் உண்டு: சஹ்யாட்ராசஸ் மலபாரிகஸ். பிரிட்டிஷ் பூச்சியியலாளர் பிரெடரிக் மூர் 19ஆம் நூற்றாண்டில் இதை ஃபாசஸ் என்ற பேரினத்தில் வைத்தார். பின்னர் அதற்கெனத் தனிப் பேரினம் அமைத்தவர் ஆஸ்திரேலியரான நார்மன் டிண்டேல். அந்நாட்டுப் பழங்குடிகளின் நில வரைபடத்தால் அதிகம் அறியப்பட்ட அதே மனிதர். இதன் புழு மண்ணில் வாழ்வதில்லை, தேக்கு உள்ளிட்ட இளமரங்களின் தண்டைத் துளைத்து உள்ளே தங்குகிறது. மரத்தூளையும் பட்டிழையையும் சேர்த்து நெய்த தடித்த மூடியால் துளையை மறைத்துவைக்கும். தோட்டத்தில் பூச்சியை நேரில் பார்ப்பது அரிது; தண்டின் மேல் புடைத்து நிற்கும் அந்த மூடியை வைத்தே புழு உள்ளே இருப்பதை அறிந்துகொள்ளலாம்.