கட்டை ஏறினாலும் 'ஆ' 'ஆ'வாகவே இருக்க வேண்டும்

இந்த மாதம் இது நாலாவது. சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் ஒலிப்பதிவு அறைக்கு நேற்று ஒரு தம்பி மடிக்கணினியோடு வந்தார். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு அம்மன் பாட்டு. உறுமிக்குப் பின்னால் ஆண்கள் கோரஸ் பாடுவதுபோல சிந்தசைசரில் ஓர் 'ஆ' வைத்திருந்தார். கீழ் ஸ்தாயியில் நன்றாகவே இருந்தது. மேல் ஸ்தாயிக்குப் போனதும் அணில் கீச்சிடுகிற மாதிரி ஆகிவிட்டது. "அண்ணே, ஈக்யூ போட்டுச் சரி பண்ணிடுங்க."

ஈக்யூ போட்டால் சரியாகாது. அது அந்தந்த அதிர்வெண்ணில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும், அவ்வளவுதான்.

'ஆ' என்று பாடிய அலையில் ஒரு சுற்றை வெட்டி வேவ்டேபிளில், அதாவது சேமித்த சுற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிற சிந்தசைசர் வசதியில், போட்டால் எந்தக் கட்டையிலும் 'ஆ' வரும் என்று நினைக்கிறார்கள். வராது! தேவாரம் சொல்லித்தருகிற ஐயாவைக் கவனியுங்கள். ஒரே 'ஆ'வை இழுத்துக்கொண்டு மேலே போவார். சுரம்தான் ஏறும், வாயின் அமைப்பு அப்படியே இருக்கும். ஆண் குரலில் 'ஆ'வுக்கு ஏறத்தாழ 730, 1090 ஹெர்ட்ஸில் ஒலி ஓங்கி நிற்கும் இரண்டு மேடுகள் உண்டு. அவைதான் ஃபார்மண்ட். சுரம் 110 ஆனாலும் 220 ஆனாலும் அவை நகரக் கூடாது. வேவ்டேபிளோ சுரத்தோடு மேட்டையும் இழுத்துக்கொண்டு போய் 730ஐ 1460 ஆக்கிவிடும். அது மனிதத் தொண்டையே இல்லை.

சரி, செய்ய வேண்டியது இதுதான். ஒரு சைன் அலையை சிங்கில் (sync) போடுங்கள், அதாவது சுரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் அந்த அலை முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதல் மேடு 730இலேயே நிற்க, 110 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்குள் அது 6.6 முறை ஆட வேண்டும், 220இல் 3.3 முறைதான். அதனால் கட்டை ஏற ஏற சிங்க் அளவு இறங்கும்படி கீ டிராக்கிங்கை (வாசிக்கிற சுரத்துக்கு ஏற்ப ஓர் அளவை மாற்றும் அமைப்பு) தலைகீழாக வையுங்கள். அப்புறம் விண்டோ, அதாவது ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் அலையின் உயரத்தை அடக்குகிற வளைவு. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அலை பாதியில் அறுந்து ரம்பம்போல இரையும். விண்டோ அந்த இடத்தில் அலையைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடும். 1980களில் வந்த காசியோ சிஇசட்-101 சிந்தசைசரின் ரெசனன்ஸ் அலைகளும் இப்படித்தான். விண்டோவை ரொம்பக் குறுக்காதீர்கள், மேடு அகன்று 'ஆ' மங்கிவிடும். இரண்டாம் மேட்டுக்கு, அலையை உண்டாக்குகிற ஆசிலேட்டர் இன்னொன்று வேண்டும்.

இதையெல்லாம் ஹெட்போனில் திருகும்போது, தயவுசெய்து, சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். 3000 ஹெர்ட்ஸ் பக்கம் காது மிகவும் கூர்மை. கூரான மேடு அங்கே போய் நின்றால் வலிக்கும்.

இன்னொன்று: எம்பி3 கொண்டுவராதீர்கள். கலந்துபோன பாட்டிலிருந்து அந்த 'ஆ'வை மட்டும் என்னால் திருத்த முடியாது. ப்ராஜெக்ட் ஃபைலோடு வாருங்கள், உட்கார்ந்து செய்வோம்.