பழைய மியாட்டாவும் விதிக்கு அடங்காத ரப்பரும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வசிக்கும் வாசகர் ஒருவர், 1990களின் தொடக்கத்தில் வெளிவந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டா என்ற இரண்டு இருக்கைச் சிறு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, வார இறுதிகளில் ஆட்டோகிராஸ் ஓட்டத் தொடங்கியிருப்பதாக எழுதியிருந்தார். வளைவுகளில் கார் மிகவும் சாய்கிறது என்றும், தடிமனான ஆன்டி-ரோல் பார் (இடது வலது சக்கரங்களை இணைக்கும் உருக்குத் தண்டு) பொருத்தினால் எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போவது நின்று பிடிமானம் கூடிவிடும் என்று உடன் ஓட்டுபவர்கள் சொல்கிறார்கள் என்றும் குறிப்பிட்டு, இது உண்மைதானா என்று கேட்டிருந்தார். எடை நகர்வது நிற்காது. பிடிமானமும் அவர்கள் சொல்லும் காரணத்தால் கூடாது. ஆயினும் அந்த உருக்குத் தண்டு காரின் நடத்தையை உறுதியாக மாற்றுகிறது. அது எப்படி மாற்றுகிறது என்பது, பள்ளியில் நாம் படித்த உராய்வு விதி ரப்பரிடம் செல்லுபடியாகாமல் போவதைப் பொறுத்தது.

ஆட்டோகிராஸ் பற்றி அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய வாகன நிறுத்துமிடத்திலோ பயன்பாட்டில் இல்லாத விமான ஓடுதளத்திலோ ஆரஞ்சு நிறக் கூம்புகளை அடுக்கி ஒரு தடம் அமைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் கடிகாரத்துக்கு எதிராக ஓடும். ஓர் ஓட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வேகம் நெடுஞ்சாலை வேகத்தை அரிதாகவே தாண்டும். கூம்பு ஒன்றைத் தட்டினால் 2 வினாடி அபராதம். 1944இல் தொடங்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா இதை நாடு முழுவதும் நடத்துகிறது. அதன் தேசியப் போட்டி 2009 முதல் நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில், முன்னாள் விமானப்படைத் தளத்தின் கான்கிரீட் பரப்பில் நடந்துவருகிறது. தலைக்கவசம் கட்டாயம், பேட்டரி இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறதா, சக்கரங்களில் ஆட்டம் இருக்கிறதா என்று வண்டியைப் பரிசோதித்த பிறகே விடுவார்கள், ஓட்டாத நேரத்தில் நீங்களே தடத்தில் நின்று, விழுந்த கூம்புகளை நிமிர்த்த வேண்டும். குறைந்த செலவில், பிறருக்கு ஆபத்தின்றி, ஒரு காரை அதன் எல்லைவரை அறிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான மியாட்டா இந்தப் போட்டிக்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது? முதலில் வந்த 1.6 லிட்டர் எஞ்சினின் திறன் 116 குதிரைத்திறன் மட்டுமே. ஆனால் காரின் எடை ஏறத்தாழ 1,000 கிலோ. அது முன்னும் பின்னும் கிட்டத்தட்டச் சமமாகப் பகிரப்பட்டிருக்கிறது. நான்கு மூலைகளிலும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு கைகள் தாங்கும் அமைப்பு) உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அது ஒடுக்கமான கார். 18 மீட்டர் இடைவெளியில் வரிசையாக நிற்கும் கூம்புகளுக்கு இடையே மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வளைந்து வளைந்து செல்லும் கார், ஏறக்குறைய வினாடிக்கு ஒரு கூம்பைக் கடக்கிறது. ஒவ்வொரு முறையும் அது பக்கவாட்டில் விலக வேண்டிய தூரம், தன் அகலத்தில் பாதியும் கூம்பைத் தொடாமல் இருக்கச் சிறிது இடமும் சேர்ந்ததுதான். டயரின் பிடிமானம் ஒன்றேயானால், எட்டக்கூடிய வேகம் இந்த விலகல் தூரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். ஆகவே 1.68 மீட்டர் அகலமுள்ள மியாட்டா, அதைவிட 20 சென்டிமீட்டர் அகலமான ஒரு காரைக் காட்டிலும் இந்தக் கூம்பு வரிசையில் மட்டும் ஏறத்தாழ 5 விழுக்காடு வேகமாகப் போக முடியும். எஞ்சின் திறனுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

இனி வாசகரின் கேள்விக்கு வருவோம். கார் திரும்பும்போது டயர்கள் தரையில் பக்கவாட்டு விசையைச் செலுத்துகின்றன. காரின் ஈர்ப்பு மையமோ தரைக்கு மேலே இருக்கிறது. இந்த உயர வேறுபாட்டால் காரை வெளிப்பக்கம் கவிழ்க்கப் பார்க்கும் ஒரு திருப்புத்திறன் உண்டாகிறது. அதைச் சமன்செய்ய வெளிப்பக்க டயர்கள் கூடுதல் சுமையை ஏற்கின்றன. உள்பக்க டயர்கள் அதே அளவை இழக்கின்றன. இப்படி நகரும் சுமையின் அளவு, எடையை ஈர்ப்பு மைய உயரத்தாலும் ஜி அலகில் (1 ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) சொல்லப்படும் பக்கவாட்டு முடுக்கத்தாலும் பெருக்கி, இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தால் வகுத்தால் கிடைக்கும். ஓட்டுநரோடு 1,100 கிலோ, உயரம் 0.45 மீட்டர், சக்கர இடைவெளி 1.42 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1 ஜி முடுக்கத்தில் ஏறத்தாழ 350 கிலோ சுமை நகர்கிறது. பக்கத்துக்கு 550 கிலோ என்றிருந்தது வெளியே 900, உள்ளே 200 என்றாகிவிடுகிறது. இந்தச் சூத்திரத்தில் ஸ்பிரிங்கும் இல்லை, ஆன்டி-ரோல் பாரும் இல்லை. சாய்வதால் ஈர்ப்பு மையம் சில சென்டிமீட்டர் வெளியே நகர்வது உண்மைதான் என்றாலும், அதனால் கூடுவது மொத்தத்தில் ஒரு சிறு பங்கே. சாயவே சாயாத காரிலும் சுமை இதே அளவு இடம்மாறும்.

அப்படியானால் ஆன்டி-ரோல் பார் என்னதான் செய்கிறது? ஒரே அச்சின் இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும் முறுக்குத் தண்டு அது. இரண்டும் ஒன்றாக ஏறி இறங்கினால் பேசாமல் சுழலும், ஒன்று மேலும் மற்றொன்று கீழும் போக முற்பட்டால் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். முன் அச்சில் தடித்த தண்டைப் பொருத்தினால், கார் சாய்வதைத் தடுக்கும் வேலையில் பெரும்பங்கை முன் அச்சு ஏற்கிறது. ஆகவே அந்த 350 கிலோவில் பெரும்பங்கு முன் டயர்களுக்கு இடையே நகர்கிறது, பின் டயர்களுக்கு இடையே அந்த அளவுக்குக் குறைந்து நகர்கிறது. மொத்தம் மாறுவதில்லை, பங்கீடு மட்டும் மாறுகிறது. தண்டின் முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், 19 மில்லிமீட்டர் தண்டுக்குப் பதிலாக 24 மில்லிமீட்டர் தண்டைப் போட்டால் விறைப்பு இரண்டரை மடங்காகிவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

என் மனத்தை மிகவும் கவர்ந்த இடம் இதுதான். 1699இல் கியோம் அமோன்தோன் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் முன்வைத்ததும், நம் பாடநூல்கள் இன்றும் கற்பிப்பதுமான விதி, உராய்வு விசை செங்குத்துச் சுமைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்கிறது. டயர் இந்த விதிக்குக் கட்டுப்பட்டிருந்தால், உள்பக்க டயர் இழந்த பிடிமானத்தை வெளிப்பக்க டயர் அப்படியே ஈட்டிக்கொடுத்திருக்கும்; சுமையை எப்படிப் பங்கிட்டாலும் ஓர் அச்சின் மொத்தப் பிடிமானம் மாறியிராது; ஆன்டி-ரோல் பாரை மாற்றி காரின் சமநிலையைத் திருத்தும் கலையே தோன்றியிருக்காது. ரப்பர் அந்த விதிக்கு அடங்காத பொருள் என்பதால்தான் அந்தத் தண்டுக்கு வேலை இருக்கிறது.

ஏன் அடங்குவதில்லை? உலோகத்தின் மேல் உலோகம் அமரும்போது, நுண்ணிய முகடுகளின் நுனிகள் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. அவை சுமை தாங்காமல் நசுங்கிப் பரவுவதால், உண்மையான தொடுபரப்பு சுமைக்கு ஏற்ற விகிதத்தில் வளர்கிறது. ரப்பர் நசுங்கி நிலைத்துவிடுவதில்லை, மீள்கிறது. உருண்டையான ஒரு கல்முகட்டின் மேல் ரப்பரை அழுத்தினால், 1882இல் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் காட்டியபடி, தொடுபரப்பு சுமையின் மூன்றில் இரண்டு அடுக்காகவே வளரும். சுமையை இருமடங்காக்கினால் பரப்பு 1.6 மடங்குதான் ஆகும். சாலையில் ஆயிரமாயிரம் முகடுகள் வெவ்வேறு உயரங்களில் இருப்பதால் இந்தக் குறைவு ஓரளவு ஈடுசெய்யப்படுகிறது, முழுமையாக அல்ல. இதோடு டயரின் கட்டமைப்பும் சேர்கிறது: சுமை கூடும்போது தரையைத் தொடும் பட்டையில் அழுத்தம் சீராகப் பரவாமல் ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் போகிறது, ரப்பர் சூடேறுகிறது. இவற்றின் விளைவாக, சுமை கூடக்கூட டயரின் பிடிமானம் கூடுகிறது என்றாலும், கிலோவுக்கு இவ்வளவு என்ற விகிதம் குறைந்துகொண்டே போகிறது.

ஒரு எண் கணக்கைப் பார்ப்போம். விளக்கத்துக்காக, 275 கிலோ சுமையில் ஒரு டயரின் உராய்வுக் குணகம் (பிடிமானத்தைச் சுமையால் வகுத்தால் கிடைக்கும் எண்) 1.10 என்றும், ஒவ்வொரு 100 கிலோவுக்கும் அது 0.04 குறையும் என்றும் கொள்வோம். மியாட்டாவின் ஓர் அச்சில் 550 கிலோ. இரு டயர்களும் சமமாகச் சுமந்தால் அச்சின் மொத்தப் பிடிமானம் 605 கிலோ-விசை. நகரும் 350 கிலோவை முன்னுக்கும் பின்னுக்கும் 175 வீதம் பிரித்தால், ஒவ்வோர் அச்சும் 580.5க்கு இறங்குகிறது. முன் தண்டைத் தடிக்க வைத்து முன்னால் 225, பின்னால் 125 என்று பங்கிட்டால், முன் அச்சு 564.5க்கு விழுகிறது, பின் அச்சு 592.5க்கு ஏறுகிறது. முன் டயர்கள் 1.03 ஜியில் பிடியை விடுகின்றன. பின் டயர்களோ 1.08 ஜி வரை தாங்கும். அதாவது கார் மூக்கை வெளியே தள்ளிக்கொண்டு போகும் அண்டர்ஸ்டியர் நிலைக்கு வந்துவிட்டது. பின் தண்டைத் தடிக்க வைத்தால் இதன் நேர் எதிர்; வால் வெளியே வரும். இழப்பு, நகரும் சுமையின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், எந்த அச்சு அதிகச் சுமை நகர்வை ஏற்கிறதோ அது விகிதத்துக்கு மீறி இழக்கிறது. குணகத்தில் இவ்வளவு சிறிய சரிவு இருப்பதால்தான் ஓட்டுநர் தன் காரின் குணத்தைத் தேர்ந்துகொள்ள முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ரப்பரின் உராய்வை முறையாக ஆராய்ந்த வரலாற்றையும் இங்கே சொல்ல வேண்டும். வெப்பநிலையையும் வழுக்கும் வேகத்தையும் மாற்றி மாற்றி அளந்த உராய்வு மதிப்புகளையெல்லாம் ஒரே வளைகோட்டில் கொண்டுவந்து சேர்க்க முடியும் என்று 1963இல் கே. ஏ. குரோஷ் காட்டினார். ரப்பர் எப்படி வழுக்குகிறது என்ற கேள்விக்கு 1971இல் அடோல்ஃப் ஷாலமாக், மென்மையான ரப்பரின் தொடுபரப்பினூடே பிரிவு அலைகள் (ரப்பர் சிறு மடிப்புகளாகப் பரப்பை விட்டுப் பிரிந்து மீண்டும் ஒட்டிக்கொண்டே நகர்வது) ஓடுவதைக் கண்டு விடை சொன்னார். இருவரும் பணிபுரிந்தது, இங்கிலாந்தில் இருந்தாலும் மலாயாவின் இயற்கை ரப்பர் உற்பத்தியாளர்களின் நிதியில் நடந்த ஆய்வகத்தில். அந்த மரங்களை விடியுமுன் எழுந்து சீவிப் பால் எடுத்தவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிச் செல்லப்பட்ட தோட்டத் தொழிலாளர்கள். உலகின் டயர் அறிவியலுக்கு அவர்களுடைய உழைப்பும் மூலதனம் என்பதை எந்தப் பாடநூலும் எழுதி நான் பார்த்ததில்லை, எழுத வேண்டும். உடனடி லாபம் தராத ‘ரப்பர் ஏன் பிடிக்கிறது’ என்ற அடிப்படைக் கேள்விக்கு ஒரு பயிர்த்தொழில் ஆண்டுக்கணக்கில் நிதி ஒதுக்கியதையும், நம் வாரியங்களும் பல்கலைக்கழகங்களும் முன்னுதாரணமாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மியாட்டாவில் நடைமுறை சற்றுச் சிக்கலானது. மேலே சொன்ன கணக்குப்படி முன் தண்டைத் தடிக்க வைப்பது முன் பிடிமானத்தைக் குறைக்க வேண்டும். ஆனால் அனுபவமுள்ள மியாட்டா ஓட்டுநர்கள் பலர் முதலில் மாற்றுவது முன் தண்டைத்தான். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. கார் சாயும்போது வெளிப்பக்க முன் டயரும் சேர்ந்து சாய்ந்து அதன் வெளி ஓரத்தில் நிற்கிறது. தண்டு அந்தச் சாய்வைக் குறைத்து டயரைத் தட்டையாக வைப்பதால், சுமைப் பங்கீட்டில் இழந்ததில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கிறது. மற்றது பின் சக்கரங்களைப் பற்றியது. பின் தண்டு தடித்தால் உள்பக்கப் பின் சக்கரம் தரையை விட்டு ஏறத்தாழ எழும்பிவிடும். சாதாரண டிஃபரன்ஷியல் (எஞ்சினின் திறனை இரு பின் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) உள்ள காரில் எஞ்சினின் திறன் அந்தச் சக்கரத்தை வீணாகச் சுழற்றுவதிலேயே போய்விடும். 1994 முதல் சில மியாட்டாக்களில் கிடைத்த டார்சன் வகை லிமிடெட்-ஸ்லிப் டிஃபரன்ஷியல் இதைப் பெரிதும் தணிக்கும். வாசகரின் காரில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பின் தண்டைத் தொடுவது நல்லது.

முப்பது ஆண்டுக் காரில், எந்தப் புதிய பாகத்தையும் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் வேறு இருக்கின்றன. சஸ்பென்ஷன் கைகளின் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்கள் காய்ந்து வெடித்திருக்கும்; அவை இருக்கும்வரை வீல் அலைன்மென்ட் செய்வது பயனற்றது. ஷாக் அப்சார்பர்கள் தளர்ந்திருந்தால் கூம்பு வரிசையில் சுமை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு நேரத்தில் போய்ச் சேராது. வினாடிக்கு ஒருமுறை திசை மாறும் போட்டியில் சுமை எவ்வளவு நகர்கிறது என்பதைப் போலவே எவ்வளவு விரைவாக நகர்கிறது என்பதும் முக்கியம். பிரேக் திரவத்தை மாற்றுங்கள். தேய்வு மதிப்பு (டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதைக் காட்டும் எண்) 200 உள்ள நல்ல டயர்களுக்குச் செலவிடுங்கள். வேறு எந்த மாற்றமும் அவற்றுக்கு ஈடாகாது. எந்தப் பாகத்தை மாற்றினால் எந்தப் பிரிவில் போட்டியிட வேண்டியிருக்கும் என்பதை அந்த ஆண்டின் விதிநூலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்டை மாற்றிய பிறகு அதன் விளைவை ஓட்ட நேரத்தை மட்டும் வைத்து முடிவுசெய்ய வேண்டாம். முதல் ஓட்டத்தில் டயர்கள் குளிர்ந்திருக்கும், தடமும் பழகியிருக்காது. அடுத்தடுத்த ஓட்டங்களில் எதையும் மாற்றாமலே நேரம் குறையும். சரிசெய்யும் துளைகள் உள்ள தண்டானால், பயிற்சி நாளொன்றில் டயர்கள் சூடேறிய பிறகு ஓர் அமைப்பில் ஓட்டி, அடுத்த துளைக்கு மாற்றி ஓட்டி, மீண்டும் முதல் துளைக்கே வந்து ஓட்டிப் பாருங்கள். வெளி ஓரத் தேய்வு எதுவரை வருகிறது என்பதை அறிய ஒவ்வொரு முறையும் டயரின் தோளில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, காற்றழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் அமைப்புக்குத் திரும்பியபோது பழைய நடத்தையும் திரும்பி வந்தால், நீங்கள் உணர்ந்த மாற்றம் தண்டினால் வந்ததுதான்.