எந்தப் பட்டியலிலும் இல்லாத குழந்தைகள்

பதிவான வழக்குகளைக் கூட்டினால், எத்தனை குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாகிறார்கள் என்று தெரிந்துவிடுமா? தெரியாது. பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்வதே இல்லை. பயம், வெட்கம், செய்தவரே வீட்டுக்கு வேண்டியவராக இருப்பார். நடந்தது குற்றம் என்றே புரியாத வயது வேறு.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது? குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை பற்றிய 217 வெளியீடுகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2011இல் வந்தது. ஆட்களிடமே நேரடியாகக் கேட்டறிந்த ஆய்வுகளில், பாதிக்கப்பட்டதாகச் சொன்னவர்கள் ஆயிரத்துக்கு 127 பேர். அதிகாரிகள், தொழில்முறைப் பணியாளர்கள் தந்த தகவலை நம்பிய ஆய்வுகளில் ஆயிரத்துக்கு வெறும் 4 பேர். முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம்!

சரி, எல்லோரிடமும் நேரடியாகக் கேட்டுவிடலாமே? வளர்ந்தவர்களிடம் கேட்டால் கிடைப்பது பல வருடம் பழைய நிலவரம். வீடு வீடாகப் போனால், வீடே இல்லாத குழந்தையும் கடத்தப்பட்ட குழந்தையும் விடுபடுவார்கள். பணத்துக்காகச் சுரண்டப்படுகிறவர்களில் இப்படிப்பட்டவர்கள் பலர்.

ஆபத்தில் இருப்பவர்களை எண்ணுவது இன்னொரு வழி. அமெரிக்காவில் 2001இல் வெளியான ஓர் ஆய்வு, வீட்டை விட்டு ஓடியவர்கள் போன்ற பிரிவுகளைக் கூட்டி, சுமார் 2,44,000 முதல் 3,25,000 குழந்தைகள் 'ஆபத்தில்' இருப்பதாகச் சொன்னது. ஒரே குழந்தை இரண்டு மூன்று பிரிவுகளில் வரக்கூடும். அதைவிடக் கொடுமை, 'ஆபத்தில்' என்ற சொல் வழியிலேயே உதிர்ந்துபோய், மூன்று லட்சம் பேர் பாதிக்கப்பட்டவர்கள் என்றே வருடக்கணக்கில் மேற்கோள் காட்டப்பட்டது. நல்ல எண்ணத்தோடு சொன்னாலும், தவறான எண் நிதியையும் உதவியையும் தவறான இடத்துக்கே அனுப்பும்.

எனக்கு மிகவும் பிடித்த முறை குளத்து மீன்களை எண்ணுவதிலிருந்து வந்தது. பிடித்து, அடையாளமிட்டு, விட்டுவிட்டு, மறுபடி பிடித்துப் பார்ப்பார்கள். இரண்டாம் முறை அடையாளமுள்ள மீன்கள் எவ்வளவு குறைவாகச் சிக்குகின்றனவோ, குளத்தில் அவ்வளவு அதிக மீன்கள் இருக்கின்றன என்று அர்த்தம். இங்கே வலைக்குப் பதில் பட்டியல்கள். காவல்துறைப் பட்டியலில் 100 குழந்தைகள், ஒரு காப்பகத்தின் பட்டியலில் 80, இரண்டிலும் இருப்பவர்கள் 20 என்று வைத்துக்கொள்வோம். 100ஐ 80ஆல் பெருக்கி 20ஆல் வகுத்தால் 400. நமக்குத் தெரிந்தவர்கள் 160 பேர்தான். அப்படியானால் 240 பேர் கண்ணுக்குப் படாமல் இருக்கிறார்கள்.

ஆனால் இரண்டு பட்டியலும் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும். காவல்துறையே குழந்தைகளைக் காப்பகத்துக்கு அனுப்பினால் பொதுவான பெயர்கள் கூடும், மதிப்பீடு குறைந்துவிடும். அப்புறம், பூட்டிய அறைக்குள் இருக்கும் சிறுமி, பையனுக்கு இப்படி நடக்குமா என்று நம்பப்படாத சிறுவன்: எந்தப் பட்டியலுக்கும் வர வழியே இல்லாத இவர்கள் அந்த 240 பேரிலும் சேரமாட்டார்கள்.