பக்கத்து நாடுதானே என்று நம்பிப் பெட்டியை ஏற்றாதீர்கள்

தீபாவளி முடிந்து எட்டாம் நாள் பினாங்கு மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். வாசலிலேயே அட்டைப்பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வைக்கோலுக்குள் அகல் விளக்குகள், அடுக்கடுக்காக. தூத்துக்குடியில் ஏற்றியவை. தீபாவளிக்கு இருபது நாள் முன்பே வந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் கடைக்காரத் தங்கச்சி கேட்டார்: "அண்ணே, கப்பல் தொடர்புல மலேசியா உலகத்துல முதல் பத்துக்குள்ள இருக்குன்னு படிச்சேனே, அப்புறம் எப்படிண்ணே இவ்வளவு லேட்டு?"

சரக்கு அனுப்பிவைக்கும் ஃபார்வர்டிங் வேலை பார்க்கும் என்னிடம் இந்த வருஷம் இதைக் கேட்ட நாலாவது ஆள் அவர். போதும் என்று ஆகிவிட்டது, எழுதிவிடுகிறேன்.

அவர் படித்தது பொய்யில்லை. ஐ.நா.வின் வர்த்தக, வளர்ச்சி அமைப்பான அங்டாட் நாடுவாரியாக ஒரு குறியீடு வெளியிடுகிறது. வாரத்துக்கு எத்தனை கப்பல் வருகிறது, மொத்தம் எவ்வளவு ஏற்றலாம், எத்தனை சேவை, எத்தனை கம்பெனி, வருகிற கப்பல் எவ்வளவு பெரிது, எத்தனை நாட்டுக்கு நேரடியாகப் போகலாம் என்று ஆறு விஷயங்களைச் சேர்த்துப் போடும் கணக்கு அது. அதில் மலேசியா மேலே, இந்தியா அதற்குக் கீழே.

ஆனால் அது ஒரு நாட்டுக்கும் மொத்த உலகத்துக்கும் உள்ள தொடர்பு. உங்கள் கன்டெய்னர் பெட்டி போவதோ ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொரு துறைமுகத்துக்கு. மலேசியாவின் குறியீட்டை உயர்த்திவிடுவது கிள்ளான், தஞ்சோங் பெலப்பாஸ் என்ற இரண்டு துறைமுகங்கள். கிள்ளான் 2024-இல் கையாண்டது ஒரு கோடியே 46 லட்சம் டி.இ.யூ., அதாவது இருபதடிப் பெட்டிக் கணக்கு. அதில் பெரும்பகுதி ஒரு கப்பலில் இறங்கி, யார்டில் கிடந்து, அடுத்த கப்பலில் ஏறிப் போய்விடும், துறைமுக வாசலைத் தாண்டாது. இந்தியாவுக்குச் சொந்தச் சரக்கு ஏராளம், ஆனால் கப்பல் மாறிப் போகும் அதன் சரக்கில் முக்கால்வாசி கொழும்பு, சிங்கப்பூர், கிள்ளான் என்று வெளியேதான் மாறுகிறது. அந்தப் பெட்டிகளுக்காகவும் பெரிய கப்பல்கள் இங்கே வருகின்றன, அதனால் நம் எண்ணும் ஏறுகிறது. பெட்டிகள் கப்பல் மாறுவதற்கென்று கேரளத்தில் கட்டிய விழிஞ்ஞம் துறைமுகத்தை 2025 மே மாதம் முறைப்படி திறந்தாயிற்று, இந்தியாவின் எண்ணும் ஏறட்டும், நல்லதுதான். அதற்காகத் தூத்துக்குடிப் பெட்டி, பினாங்கின் கன்டெய்னர் துறைமுகம் இருக்கும் பட்டர்வொர்த்துக்கு நேரே வந்துவிடாது. இரண்டு நாட்டுக்கு இடையிலான தொடர்புக்கு அங்டாட்டிடமே தனிக் குறியீடு உண்டு. அதைப் பார்த்துவிட்டு வந்த வியாபாரி ஒருவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

பெரியவர்கள் வேறு, "நாகப்பட்டினத்துல ரஜூலா ஏறினா நேரே பினாங்குதான்" என்பார்கள். ஐயா, அது ஆள் ஏற்றிய கப்பல், அந்தக் காலமும் போயிற்று. இன்று கப்பல் எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது சரக்கின் அளவு. தூரம் அப்புறம்தான்.

தங்கச்சியின் பெட்டி தூத்துக்குடியில் ஃபீடர் என்கிற சின்ன இணைப்புக் கப்பலில் ஏறி, கொழும்பில் இறங்கி, அடுத்த கப்பலைத் தவறவிட்டு, அங்கேயே பதினேழு நாள் கிடந்தது. பிறகு கிள்ளான். அங்கே இன்னொரு ஃபீடர், கடைசியில் பட்டர்வொர்த். மூன்று கப்பல்! புக்கிங் தாளில் கடைசி வந்துசேரும் தேதி மட்டும் இருந்தது, நடுவில் என்ன என்று அவரும் கேட்கவில்லை, ஏஜெண்டும் சொல்லவில்லை.

கேளுங்கள். நேரடியா, கப்பல் மாறுமா? எங்கே மாறும், எத்தனை முறை? அடுத்த கப்பலின் பெயரும் தேதியும் என்ன, அதைத் தவறவிட்டால் அதற்கடுத்தது எப்போது? பதில் சொல்லத் தெரியாத ஏஜெண்டிடம் ஐம்பது வெள்ளி குறைகிறது என்று பெட்டியைக் கொடுக்காதீர்கள். பினாங்கு வியாபாரிகள் கிள்ளானோடு முடிகிற பி.எல். (கப்பல் கம்பெனி தரும் சரக்குச் சீட்டு) எடுத்தால் என்ன ஆகும் என்றும் விலை கேட்டுப் பாருங்கள். அங்கேயே கஸ்டம்ஸ் முடித்து லாரியில் ஏற்றினால் ராத்திரியோடு ராத்திரியாக வந்துவிடும், லாரி வாடகை கூடத்தான், ஆனாலும் ஒரு ஃபீடருக்குக் காத்திருக்கும் வாரம் மிச்சம். பெட்டி கப்பல் மாறும் நாளில் டிராக்கிங்கைத் திறந்து, ஏறிவிட்டதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் அன்றைக்கே போன் போடுங்கள், பத்து நாள் கழித்து அழுதால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

பண்டிகைச் சரக்கு என்றால் ஒரு மாதம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து. அந்தத் தங்கச்சி விளக்குகளில் கொஞ்சத்தைத் திருக்கார்த்திகைக்கு விற்றுவிட்டார். மீதி மாடியில் இருக்கிறது. பொங்கல் பானைக்கு இந்த முறை புக்கிங் தாளை முதலில் எனக்கு அனுப்பியிருக்கிறார், கொழும்புக்குப் பக்கத்தில் பென்சிலால் வட்டம் போட்டு.