சுகாதாரம்னா என்ன அர்த்தம், அதுக்குச் சரியான தமிழ் எது?

செட்டிநாட்டுப் பக்கம் கொஞ்சம் பெரிய ஊரா இருந்தா "ஆரம்ப சுகாதார நிலையம்"னு ஒரு போர்டு இருக்கும், அதே ஊர்ல இன்னொரு மூலையில "மகளிர் சுகாதார வளாகம்"னு ஒரு போர்டு இருக்கும். முதல்ல சொன்னதுல டாக்டர் இருப்பாரு, ரெண்டாவது கக்கூஸ். சரின்னு காரைக்குடியில ஒரு பலகாரக் கடைக்குப் போயி தேன்குழலோ சீப்புச்சீடையோ வாங்குனா பாக்கெட்டுல "சுகாதாரமான முறையில் தயாரிக்கப்பட்டது"ன்னு போட்டிருக்கும். வைத்தியம், கக்கூஸ், சீடை மூணுக்கும் ஒரே சொல்லு. இதுக்குத் தனித்தமிழ் என்னன்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றதுக்குக் காரணமே இதுதான், கேக்குறவுக எந்த சுகாதாரத்தக் கேக்குறாகன்னே தெரியாது.

சொல்லப் பிரிச்சுப் பாத்தா ரொம்ப லேசு. சுகம் + ஆதாரம். ரெண்டுமே வடமொழி. ஆதாரம்னா தாங்குறது, அடிப்படை. நம்ம பர்சுல வச்சிருக்கமே ஆதார் கார்டு, அந்த ஆதாரும் இதே சொல்லுதான் (சுகத்துக்கும் ஒரு கார்டு குடுத்தா நல்லாத்தான் இருக்கும்). ஆக நேரா அர்த்தம் எடுத்தா "நலத்துக்கு அடிப்படையா இருக்குறது". இதுல சுத்தம்ங்கிற அர்த்தம் எங்கயுமே இல்ல, அத ஞாபகம் வச்சுக்கங்க.

சுகம் நம்ம வாயில நல்லாப் பழகுன சொல்லு. நம்ம பக்கத்துல ஒரு ஆச்சியப் பாத்தா "சௌக்கியமா இருக்கீகளா"ன்னுதானே கேப்போம், அந்த சௌக்கியம் சுகத்துலேருந்து வந்ததுதான். ஒடம்பு சரியில்லன்னா "மேலுக்குச் சொகமில்லங்கிறாக"ன்னு சொல்லுவாக, மேல்னா ஒடம்பு. ஆபரேஷன் இல்லாம புள்ள பொறந்தா சுகப்பிரசவம். இந்த எடத்துல எல்லாம் சுகம்னா இன்பம் இல்ல, ஒடம்பு நல்லா இருக்குறதுதான். அதனால சுகாதாரம்னு யாரோ ஒருத்தர் மொத மொத சொன்னப்ப கேட்ட சனத்துக்குப் பெருசா வெளக்கம் தேவைப்பட்டிருக்காது.

இதுல ஒரு விசேஷம் என்னன்னா மலையாளத்துலயும் கன்னடத்துலயும் இந்த எடத்துல ஆரோக்கியம்னுதான் போடுறாக, இந்தியில ஸ்வாஸ்தியம். நம்மளும் இலங்கைத் தமிழரும்தான் சுகாதாரத்தப் பிடிச்சுக்கிட்டோம், அங்க அமைச்சரே சுகாதார அமைச்சர்தான். ஆரோக்கியத்தப் பிரிச்சா ரோகம் இல்லாத நெலமை, அதாவது நோய் இல்லன்னா போதும். ஆனா 1948ல ஆரம்பிச்ச உலக சுகாதார நிறுவனத்துக்கு 1946லயே எழுதுன சாசனத்துல இருக்குறது வேற, வெறுமனே நோயோ பலவீனமோ இல்லாம இருக்குறது மட்டும் நலம் இல்ல, ஒடம்பு மனசு சமூக வாழ்க்கை மூணும் முழுசா நல்லா இருக்கணும்னு சொன்னாக. அந்தக் கணக்குல பாத்தா ஆரோக்கியத்த விட சுகம்தான் பொருத்தமா வருது. இது தானா அமைஞ்சதுன்னுதான் நெனைக்கிறேன், ஆனா நல்லா அமைஞ்சிருச்சு.

அப்ப சுத்தம்ங்கிற அர்த்தம் எப்புடி ஒட்டுச்சு? ஊரு நல்லா இருக்கணும்னா குடிதண்ணி, சாக்கடை, குப்பை, கக்கூஸ் இதெல்லாம் சரியா இருக்கணும்ல, அந்த வேலைய எல்லாம் சுகாதாரம்ங்கிற தலைப்புல போட்டாக, நாளாவட்டத்துல தலைப்பே வேலைக்குப் பேராயிருச்சு. இங்கிலீசுலயும் இதே கதைதான். சானிட்டரிங்கிறதோட லத்தீன் மூலத்துக்கு நலம்னுதான் அர்த்தம், இன்னைக்கு சானிட்டரி கடைக்குப் போனா கக்கூஸ் பீங்கானும் பைப்பும்தான் கெடைக்கும். ஹைஜீன் மட்டும் என்ன, ஹைஜீயான்னு கிரேக்கத்துல நலத்துக்கான தெய்வம், வைத்தியத் தெய்வம் அஸ்க்ளீப்பியஸோட மக, அந்தப் பேருலேருந்து வந்த சொல்ல வச்சு இப்ப மெஸ்ஸுல எலை போடுறப்ப "ஹைஜீனிக்கா இருக்கா"ன்னு கேக்குறோம்.

ஆனா சுத்தமும் சுகாதாரமும் ஒண்ணுன்னு நெனச்சா அங்கதான் தப்பு. சுத்தம் கண்ணுக்குத் தெரியுறது, இல்லன்னா மனசுல இருக்குறது. சுத்தபத்தம்னு சொல்றோம்ல, அதுல தீட்டு, விரதம், மடி எல்லாம் சேந்து வந்துரும், சோப்பு வராது. சுகாதாரத்துக்கு அதெல்லாம் கணக்குல இல்ல, இதுனால நோய் வருமா வராதான்னு மட்டும்தான் கேள்வி. ஊருணித் தண்ணியவே எடுத்துக்கங்க. மழைக்கு அப்புறம் ஊருணித் தண்ணி கலங்கலாத்தான் இருக்கும், அதக் கொண்டாந்து பானையில ஊத்துறதுக்கு முன்னாடி பானை உள்பக்கம் தேத்தாங்கொட்டைய ஒரைப்பாக, மண்ணு எல்லாம் அடியில படிஞ்சு தண்ணி பளிங்கு மாதிரி ஆயிரும். பாக்க சுத்தம்தான். ஆனா மண்ணுதான் எறங்கிருக்கு, அதுல இருக்குற கிருமி அத்தனையும் செத்துருச்சுன்னு சொல்ல முடியாது, காச்சிக் குடிச்சாத்தான் அது சுகாதாரமான தண்ணி. தெளிஞ்ச தண்ணி வேற, சுகாதாரமான தண்ணி வேற.

அதே சமயம் நம்ம ஆளுகளுக்கு இந்தச் சொல்லு தெரியாட்டியும் விஷயம் தெரிஞ்சிருந்துச்சு. ஊருணிங்கிற பேரே ஊரு உண்ணுற நீருங்கிற அர்த்தத்துல வந்ததுதான். குடிக்கிற ஊருணி தனி, குளிக்கத் தொவைக்க வேற, குடிதண்ணி ஊருணியில காலு வைக்கக் கூடாதுன்னு பல ஊர்ல கட்டுப்பாடு. இது சும்மா சாமி பேரச் சொல்லி மெரட்டுறதுன்னு தள்ளிற முடியாது, ஏன்னா நரம்புச் சிலந்தின்னு ஒரு நோய் இருந்துச்சு, காலுல கொப்புளம் வந்த ஆளு தண்ணியில எறங்குனா புழுவோட குஞ்சு தண்ணிக்குள்ள போயிரும், அத ஒரு பொடித் தண்ணிப்பூச்சி திங்கும், அந்தத் தண்ணிய வடிகட்டாமக் குடிச்ச ஆளுக்கு ஒரு வருஷம் கழிச்சு காலுல நீளமா நூலு கணக்கா புழு வெளிய வரும். இந்தியாவுல கடைசி நோயாளி 1996ல, 2000ல உலக சுகாதார நிறுவனம் சான்றே குடுத்துருச்சு. அத ஒழிச்சதுல மருந்துக்கு வேலையே இல்ல, தண்ணியில எறங்காம இருந்தது, துணியில வடிகட்டுனது, படிக்கிணத்த மாத்துனதுதான். சுகாதாரம்னா என்னன்னு ஒரு உதாரணம் கேட்டா நான் இதத்தான் சொல்லுவேன்.

சரி, தமிழுக்கு வருவோம். நலம்ங்கிற பக்கத்துக்கு நலவாழ்வு, நல்வாழ்வு ரெண்டும் இருக்கு. அரசாங்கத்துல துறை பேரு மக்கள் நல்வாழ்வு, அதுக்குக் கீழ இருக்குற இயக்ககம் மட்டும் இன்னும் பொது சுகாதாரம், ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு பேரு. எனக்கு நலவாழ்வுதான் பிடிக்கும், நல்வாழ்வுன்னா கல்யாணப் பத்திரிகையில வாழ்த்துற மாதிரியும் ஆயிருது. சுத்தம்ங்கிற பக்கத்துக்குத் தூய்மை. புறத்தூய்மை தண்ணியால வரும்னு வள்ளுவரே சொல்லிட்டாரு, ஆக பழைய சொல்லு, நல்ல சொல்லு.

துப்புரவு பத்தித்தான் கொஞ்சம் பேசணும். இதுதான் அசல் தமிழ்னு நெறைய பேர் சொல்லுவாக, தமிழ்தான், ஆனா அர்த்தம் பொரண்டு போன சொல்லு. குறள் 1050ல துப்புரவில்லார்னு வரும், அங்க கூட்டிப் பெருக்காதவுகன்னு அர்த்தம் இல்ல, சாப்பாடு மாதிரி அனுபவிக்கிற பொருள் எதுவும் இல்லாத ஏழைகன்னு அர்த்தம். அனுபவிக்கிற பொருளா இருந்தது எப்புடியோ பெருக்குற வேலையா மாறி, அந்த வேலை செய்யுறவுகள மட்டமாப் பாக்குற ஊர்ல சொல்லும் சேந்து மட்டமாயிருச்சு, இப்ப அரசே துப்புரவுப் பணியாளர்ங்கிறத தூய்மைப் பணியாளர்னு மாத்திருச்சு. நல்லது, ஆனா கையுறையும் சம்பளமும் சரியாக் கெடைக்காம பேரு மட்டும் மாறுனா தூய்மையும் நாளைக்கு அதே கதிக்குத்தான் போகும்.

எழுதுறப்ப எதப் போடுறதுன்னு கேட்டா, சுகாதாரத்த எடுத்துட்டு நலவாழ்வப் போட்டுப் பாருங்க, பொருந்துனா அதுதான். ஆரம்ப நலவாழ்வு நிலையம், பொருந்துது. நலவாழ்வான முறையில் தயாரித்த சீடை, பொருந்தல, அங்க தூய்மையான முறையில்னு போடணும். சுகாதார வளாகத்துக்கு ரெண்டுமே வேணாம், கழிப்பறைன்னு எழுதிட்டாப் போதும், வெளியூர்லேருந்து கோயில் பாக்க வர்ற பொம்பளையாளுக ஆஸ்பத்திரின்னு நெனச்சுத் தாண்டிப் போகாம இருப்பாக.

சுகாதாரக்கேடுக்கு நலக்கேடுன்னு எழுதலாம். ஆனா மாநகராட்சிக்கு மனு எழுதுறீகன்னா அங்க மட்டும் பழைய சொல்லயே விட்டுருங்க, 1939ல வந்த சட்டத்துக்கே இன்னும் பொது சுகாதாரச் சட்டம்னுதான் பேரு, அங்க இருக்குறவுகளும் சுகாதார ஆய்வாளர்தான். அதுக்குக் கீழயே எந்தத் தெருவுல சாக்கடை அடச்சிருக்கு, எத்தன நாளா கெடக்குதுன்னு தெளிவா எழுதிருங்க.