சொல் விளக்கம்: கார்ட்டூன் பிசிக்ஸ்

கார்ட்டூன் பிசிக்ஸ் என்டா கார்ட்டூன் படத்துக்குள்ள மட்டும் செல்லுபடியாகிற இயற்கை விதிகள். மலை விளிம்பைத் தாண்டி ஓடினவன் கீழ பாக்கிற வரைக்கும் விழமாட்டான், சுவரை உடைச்சுக்கொண்டு போனா அவன்ட உருவம் மாதிரியே ஓட்டை விழும், டைனமைட் வெடிச்சா மூஞ்சி கரியாகும் அவ்வளவுதான், அடுத்த சீன்ல பளிச்செண்டு வந்து நிப்பான். பாத்துப் பாத்து எங்களுக்குப் பழகிட்டு, இது எப்பிடி ஏலும் என்டு ஒருத்தரும் கேக்கிறதில்ல. இலங்கை ரூபவாஹினி ரீவியில டைட்டஸ் தொடவத்த ஆக்கள் பக்ஸ் பனி என்ட முயல் கார்ட்டூனை "ஹா ஹா ஹரி ஹாவா" என்டு சிங்களத்தில மாத்திப் போட்ட காலத்தில, சிங்களம் அரைகுறையா விளங்கின தமிழ்ப் பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரிச்சதுக்குக் காரணம் இதுதான், வசனம் விளங்காட்டியும் விதி விளங்கும்.

நிச விதி என்ன சொல்லுது என்டு முதல்ல பாப்பம். திருகோணமலைக் கோணேசர் கோயிலடியில, இராவணன் வெட்டு என்ட மலைப் பிளவுப் பக்கம் நிண்டு எட்டிப் பாத்த ஆக்களுக்கு அடிவயிறு கலங்கிறது என்டா என்ன என்டு தெரியும். கணக்குக்கு உயரம் 100 மீற்றர் என்டு வைப்பம். அங்க இருந்து ஒரு கல்லை விட்டா, காத்துத் தடையைக் கணக்கெடுக்காட்டி, தண்ணியில விழ நாலரை செக்கன், விழுற நேரம் வேகம் மணிக்கு 160 கிலோமீற்றர் கிட்ட. கார்ட்டூன் ஆள் என்டா விளிம்பைத் தாண்டி ஒரு ஒன்றரை செக்கன் அந்தரத்தில நிப்பான், காலால தடவிப் பாப்பான், எங்களைப் பாத்து ஒரு முழி முழிப்பான், பிறகுதான் போவான். அந்த ஒன்றரை செக்கனுக்குள்ள நிச ஆள் 11 மீற்றர் கீழ போயிருப்பான், மூண்டு மாடி உயரம். (இராவணன் வாளால ஒரே வெட்டில மலையைப் பிளந்தான் என்டு சொல்ற ஊர்ல இருந்துகொண்டுதான் இந்தக் கணக்குப் பாக்கிறம், அது வேற கதை.)

இந்த இடத்தில எங்கட பேச்சுத்தமிழ் சும்மா அள்ளிக் குடுக்குது. அந்தரம் என்டா ஆகாயம், பிடிமானம் இல்லாத வெளி. எங்கட பக்கம் அந்தரம் என்டா அவசரம், பதட்டம், "ஏன் இப்பிடி அந்தரப்படுறாய்" என்டு கேப்பம். ரோட் ரன்னர் என்ட பறவையைத் துரத்துற கொயோட்டி, நாங்க நரி என்டே சொல்லிப் பழகினது, அது செய்றது இரண்டும்தான், அந்தரத்தில நிண்டு அந்தரப்படுறது.

இப்ப சொல்லுக்கு வருவம். கார்ட்டூன் என்ட சொல்லுக்கு மூலம் இத்தாலி மொழியில கார்த்தோனே, மொத்தமான பெரிய தாள். சுவரோவியம் கீறுற ஆக்கள் முதல்ல அந்தத் தாளில மாதிரிப் படம் கீறிப் பாப்பாங்க, அந்த மாதிரிப் படத்துக்கே கார்ட்டூன் என்டு பேர் வந்திட்டு. 1843ல லண்டன் பாராளுமன்றக் கட்டடத்துக்கு சுவரோவிய மாதிரிகளைக் கண்காட்சிக்கு வைக்க, பஞ்ச் என்ட சஞ்சிகை அதை நக்கலடிச்சு தன்ட கேலிப்படத்துக்கும் கார்ட்டூன் என்டே பேர் போட்டுது, அதில இருந்து கேலிப்படம் எல்லாம் கார்ட்டூன், பிறகு ஓடுற படமும் கார்ட்டூன். அனிமேஷன் என்டது லத்தீன் அனிமா, மூச்சு, உயிர். பிசிக்ஸ், கிரேக்கத்தில பூசிஸ், இயற்கை.

இந்த இரண்டையும் சேத்து யோசிச்ச ஆக்கள்ல ஆர்ட் பாபிட் முக்கியம், டிஸ்னியில கூஃபி என்ட நாய்ப் பாத்திரத்துக்கு நடை குடுத்த அனிமேட்டர். அனிமேஷன் பௌதிக விதிகளைப் பின்பற்றும், பின்பற்றாட்டி கூடப் பகிடியா இருக்கும் என்டா மட்டும் விட்டுடும், இதுதான் அவர் பேரில வழங்குற வசனத்தின்ட கருத்து. இதைவிடச் சுருக்கமா இந்தச் சொல்லுக்கு வரைவிலக்கணம் எழுத ஏலாது. 1980ல மார்க் ஓடொனெல் என்ட எழுத்தாளர் அமெரிக்க எஸ்குவயர் சஞ்சிகையில நியூட்டன் மாதிரி நம்பர் போட்டே கார்ட்டூன் இயக்க விதிகள் எழுதினார், அந்தரத்தில இருக்கிறவன் தன்ட நிலைமை தனக்குத் தெரியவாற வரைக்கும் அந்தரத்திலயே இருப்பான் என்டதுதான் முதலாவது. தமிழ்ல ஒரே வரி: நினைப்புத்தான் பிழைப்பைக் கெடுக்கும். விழப்போறம் என்ட நினைப்பு வராட்டி அவன் விழவே மாட்டான்.

ரோட் ரன்னரை 1949ல உருவாக்கின சக் ஜோன்ஸும் தன்ட படங்களுக்கு விதி வைச்சிருந்தார், ஏலுமான இடத்தில எல்லாம் கொயோட்டிக்குப் பெரிய எதிரி புவியீர்ப்பாத்தான் இருக்கோணும் என்டது அதில ஒண்டு. விளங்குதா, புவியீர்ப்பு இல்லாமப் போகேல்ல. கொஞ்சம் பிந்தி வருது. பிந்தி வந்தாலும் கட்டாயம் வரும் என்டு பாக்கிற எங்களுக்குத் தெரியும், அந்த இடைவெளியிலதான் சிரிப்பு. ஒருநாள் அவன் கீழ பாத்தும் விழாம நடந்து போய்ட்டான் என்டு வைங்க, நாலு வயசுப் பிள்ளையும் முகத்தைச் சுழிக்கும்.

இன்னொரு விசயம், இதைக் கொஞ்சம் நிண்டு பாக்கோணும். அவன் விழுற பாதையைக் கவனிச்சிருக்கிறீங்களா? நேரா ஓடுவான், நிப்பான், செங்குத்தா விழுவான். நிசத்தில படகு கட்டுற ஜெட்டியில இருந்து ஓடிக் குதிக்கிற பொடியன் அப்பிடி விழுறதில்ல, ஓடின வேகம் அவனோடயே போகும், தண்ணிக்கு இரண்டு மீற்றர் மேல இருந்து செக்கனுக்கு ஐஞ்சு மீற்றர் வேகத்தில பாய்ஞ்சா மூண்டு மீற்றருக்கு மேல தள்ளிப் போய்த்தான் விழுவான், பாதை பரவளைவு, ஏஎல் (உயர்தர) வகுப்பில எறியம் கணக்கில போட்டுப் போட்டுக் கை நொந்த அதே பரவளைவு. ஆனா கார்ட்டூன் பாதை ஆரோ ஒருத்தர்ட கற்பனை மட்டும் இல்ல, மத்தியகால ஐரோப்பாவில படிச்ச ஆக்களே அதுக்குக் கிட்டத்தான் நம்பினாங்க. எறிஞ்ச பொருளுக்குள்ள ஒரு உந்தல் இருக்கு, அது தீருற வரைக்கும் நேராப் போகும், தீந்தா விழும் என்டு. கலிலியோ 1638ல புத்தகம் போட்டு அதைச் சரிக்கட்டினார். சரிக்கட்டியும் என்ன, 1983ல மைக்கேல் மக்லொஸ்கி என்ட உளவியலாளர் எழுதின கட்டுரையைப் பாத்தா, நடந்து போறவன் கையில இருக்கிற பந்தை விட்டா அது எங்க விழும் என்டு கேட்டதுக்கு கனபேர் விட்ட இடத்துக்கு நேர கீழ என்டே சொல்லியிருக்கிறாங்க. அப்ப கார்ட்டூன் பிசிக்ஸ் என்டது எங்கட மண்டைக்குள்ள இருக்கிற பிசிக்ஸ். பாடப்புத்தகத்துக்குப் பிழை, மனசுக்குச் சரி.

விதியை வளைக்கிறவனுக்கு விதி தெரியாட்டி வளைக்கவும் ஏலாது. படம் செக்கனுக்கு 24 பிரேம் ஓடுது. விழுற பந்தைக் கீற வேணும் என்டா, முதல் நாலு பிரேமில 14 சென்ரிமீற்றர், அடுத்த நாலில 41, அடுத்ததில 68, பிறகு 95, அதாவது 1, 3, 5, 7 என்ட விகிதம், இதுவும் கலிலியோட கணக்குத்தான். இடைவெளியைச் சமனா வைச்சுக் கீறினா பந்து விழுற மாதிரி இருக்காது, கயித்தில கட்டி இறக்கிற மாதிரி இருக்கும். அனிமேஷன் படிக்கப் போற பிள்ளைக்கு முதல் பயிற்சியே துள்ளுற பந்து.

அந்தப் பந்து நிலத்தில பட்டதும் சப்பளியும், எழும்பேக்க நீளும். பிராங்க் தோமஸும் ஒலி ஜோன்ஸ்டனும், இரண்டு பேரும் டிஸ்னியின்ட பழைய அனிமேட்டர்மார், 1981ல எழுதின புத்தகத்தில அனிமேஷனுக்கு 12 தத்துவம் சொல்லியிருக்கிறாங்க, அதில முதலாவது இந்த நசியலும் நீளலும். அதுக்குள்ளயும் ஒரு கண்டிப்பு இருக்கு, நசிஞ்சாலும் நீண்டாலும் கனவளவு மாறக்கூடாது. உயரம் குறைஞ்சா அகலம் கூடோணும். அதைக் கவனிக்காமக் கீறினா பந்து நசிஞ்ச மாதிரித் தெரியாது, காத்துப் போன மாதிரித்தான் தெரியும். பூனையை ரோலர் ஏறி ரொட்டியாக்கினாலும் பூனை அளவு பூனை அதுக்குள்ள இருக்கோணும்.

இப்பத்த கம்ப்யூட்டர் படங்கள்ல கதை இன்னும் விசித்திரம். 2013ல வந்த ஃப்ரோசன் படத்துப் பனிக்கு, கலிபோர்னியா பல்கலைக்கழக லொஸ் ஏஞ்சலீஸ் வளாகத்துக் கணித ஆக்களும் டிஸ்னி ஆக்களும் சேந்து பனி எப்பிடி உடையும், கட்டியாகும், அள்ளுப்படும் என்டு நிச சமன்பாடு வைச்சு செஞ்சாங்க. அதே பனியில செஞ்ச பனிப்பொம்மைட தலை தனியாக் கழண்டு நிண்டு கதைக்கும். இரண்டும் ஒரே படத்தில, ஒருத்தருக்கும் உறுத்தேல்ல. எனக்கென்னவோ பழைய கையால கீறின படங்கள்ட துணிச்சல் இதில இல்ல என்டுதான் படுது, மயிர் ஒவ்வொண்டும் காத்துக்கு ஆடுது, ஆனா ஆள் நிம்மதியா அந்தரத்தில நிக்கிறான் இல்ல.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? கேலிச்சித்திர இயற்பியல் என்டு ஒருத்தர் எழுதினா எனக்கு ஒட்டாது. கேலிச்சித்திரம் என்டா பேப்பர்ல வாறது, சிரித்திரன் சஞ்சிகையில சவாரித் தம்பர் கேலிச்சித்திரத்தைப் பாத்து வளந்த ஆக்களுக்கு அந்தச் சொல்லுக்கு வேற படம் மனசில வராது, அது அசையாது, அசையாததுக்கு என்னத்துக்கு இயக்க விதி. அசைவூட்ட இயற்பியல், இயங்குபட இயற்பியல் இரண்டும் பிழை இல்ல, ஆனா பந்து 14, 41, 68 என்டு ஒழுங்கா விழுறதும் அசைவூட்ட இயற்பியல்தான், அப்ப வளைக்கிறதுக்கு என்ன பேர்? பகிடி என்டதே அதில இல்லாமப் போய்ட்டு.

இயற்பியலா பௌதிகமா என்டது அடுத்த இழுபறி. நாங்க படிச்சது பௌதிகவியல். பூதத்தில இருந்து வந்தது பௌதிகம், நிலம் நீர் தீ காத்து ஆகாயம் என்ட ஐம்பூதம், வடமொழி வழி. இயற்பியல் இயல் என்டதில இருந்து, கிரேக்கச் சொல்லுக்குக் கருத்திலயும் கிட்ட. தனித்தமிழ் பாக்கிற ஆக்கள் இயற்பியல் பக்கம்தான் நிப்பாங்க, அதில பிழை சொல்ல ஏலாது. ஆனா தமிழ்நாட்டில முடுக்கம், நிறை, நிலைமம் என்டு சொல்றதுக்கெல்லாம் எங்களுக்கு ஆர்முடுகல், திணிவு, சடத்துவம் என்டு வேற பேர் இருக்கு, அதில திணிவை அங்க நிறை என்பாங்க, எங்களுக்கு நிறை என்டா அங்க எடை, கேக்கிறவனுக்கு மண்டை காயும். ஆர்முடுகல் மாதிரி ஒரு சொல்லை வைச்சிருக்கிற ஆக்கள் பௌதிகத்தை விடத் தேவையில்ல என்டது என்ட பக்கம்.

அதால என்ட சொல் பகிடிப் பௌதிகம். பகிடி என்டா எங்கட ஊர்ல சின்னாளுக்கும் தெரியும், தமிழ்நாட்டில பகடி என்டு எழுதுவாங்க, அங்க அது இன்னொருத்தர்ட எழுத்தை நையாண்டி பண்ற அர்த்தத்துக்கு நல்லா இறுகிட்டு. கம்பஸ் பக்கம் பகிடிவதை (ராகிங்) என்டு அந்தச் சொல்லில ஒரு கறை பிடிச்சிருக்கு, இருந்தாலும் பாபிட் சொன்ன அந்தக் கூடப் பகிடியா இருந்தா என்ட நிபந்தனையை அப்பிடியே தாங்குது. எழுத்துத் தமிழ் கேக்கிற இடத்தில நகைப்பியற்பியல் என்டு போடலாம், வாயில நுழையுதா என்டு நீங்களே சொல்லிப் பாருங்க.

தமிழுக்கு இது ஒண்டும் புதுச் சரக்கும் இல்ல. இலக்கணத்தில உயர்வு நவிற்சி அணி என்டு படிச்சம் தானே, உள்ளதுக்கு மிஞ்சிச் சொல்றது, அந்த 12 தத்துவத்திலயும் மிகைப்படுத்தல் ஒண்டு. பேச்சில பாருங்க, முழி பிதுங்கிட்டு, காதால புகை வருது, மண்டை வெடிக்குது, கால் நிலத்தில படேல்ல, எல்லாம் கார்ட்டூன் சீன். கார்ட்டூன்காரன் செய்றது சொன்ன சொல்லை அப்பிடியே கீறுறது. ஆனா அவன் கீறுறது அவன்ட பாஷையை. அடி வாங்கினவன் தலையைச் சுத்தி நட்சத்திரம் சுத்துறது இங்கிலீசுக்காரர் பேச்சில நட்சத்திரம் தெரியிறதால. எங்களுக்கு அடி விழுந்தா கண்ணில பூச்சி பறக்கும். தமிழன் கீறின கார்ட்டூன் என்டா அந்த இடத்தில நட்சத்திரம் வரக்கூடாது, பூச்சி பறக்கோணும், மின்மினியா வேற ஏதும் பூச்சியா என்டதைக் கீறுறவர் பாத்துக்கொள்ளட்டும்.

இன்னொரு சொல் மிச்சம் இருக்கு. கையில ஒண்டும் இல்லாம வந்தவன் முதுகுக்குப் பின்னால கையை விட்டு ஆளை விடப் பெரிய சுத்தியலை எடுப்பான் பாருங்க, அந்தக் காணாத இடத்துக்கு ரசிகர்மார் ஹேமர்ஸ்பேஸ் என்டு பேர் வைச்சிருக்கிறாங்க. சுத்தியல்வெளி என்டு சொல்லுக்குச் சொல் மாத்தத் தேவையில்ல, தமிழ்ல மடி இருக்கு. சாரத்து மடிக்குள்ள இருந்து வெத்திலை, பாக்குவெட்டி, சில்லறை, சாவிக்கொத்து, பேரப்பிள்ளைக்கு டொபி என்டு ஒவ்வொண்டா வாற பழைய ஆக்களை இப்பவும் மார்க்கட் பக்கம் காணலாம். பூனை மடியில இருந்து சுத்தியல் எடுத்துது என்டு எழுதினா ஆருக்கு விளங்காமப் போகும்?